சாம்பல் நிறக் கட்டம்

இந்தச் சஞ்சிகையைக் கையில் எடுத்திருக்கும் தங்கைமாரில் பெரும்பாலானோர், வீடியோ ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதைத் தொடுவீர்கள், அது ஓடும். அது எந்த வடிவத்தில் இருக்கிறது, அதைத் திறக்க உங்கள் தொலைபேசிக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டிய தேவை உங்களுக்கு வந்திருக்காது. எனக்கு வந்தது. 2007ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக் கணினியில் இணையத்தில் எந்த வீடியோவைச் சொடுக்கினாலும் ஒரு சாம்பல் நிறக் கட்டம்தான் தெரியும். நடுவில் புதிர்த் துண்டு ஒன்றின் படம். கீழே, இதைக் காட்டுவதற்குச் செருகுநிரல் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்.

இப்போது நான் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியை. அந்தக் கட்டத்திலிருந்துதான் என் படிப்பே தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் எனக்குக் கணினியில் பெரிய ஆசை இருந்து நான் அதன் பின்னால் போகவில்லை. என் தங்கச்சிக்காகப் போனேன்.

அவள் என்னைவிட மூன்று வயது இளையவள். பிறவியிலேயே செவிப்புலன் மிகக் குறைந்தவள். உம்மாவின் உதடும் என் உதடும் அவளுக்கு அத்துப்படி. மற்றவர்கள் மெதுவாக, முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதி விளங்கும். வகுப்பில் ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசும்போது அவளுக்கு எதுவும் இல்லை. இதே கல்லூரியின் வகுப்பறைகளில்தான் அவளும் படித்தாள். முன்வரிசையில் இருத்தி வைத்தார்கள், கூட்டாளிமார் கொப்பிகளைக் கொடுத்தார்கள், அன்பாக நடத்தினார்கள். ஆனால் கணிதம் கொப்பியைப் பார்த்து மட்டும் வராது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏன் போகிறோம் என்பதை யாராவது சொல்ல வேண்டும். அந்தச் சொல்தான் அவளைச் சென்று சேரவில்லை.

வீட்டுக்குக் கணினியைக் கொண்டுவந்தவர் நானா. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். யாரோ கழித்துவிட்ட பென்டியம் மூன்று இயந்திரம், 256 மெகாபைட் நினைவகம். அதோடு ஒரு உபுண்டு சீ.டி.யையும் கொண்டுவந்தார். அக்காலத்தில் உபுண்டுக்காரர்கள் இணையத்தில் முகவரியைப் பதிந்தால் உலகத்தில் எந்த மூலைக்கும் இலவசமாகச் சீ.டி. அனுப்பினார்கள், தபால் செலவும் அவர்களுடையதே. 2011 வரை அந்த ஏற்பாடு இருந்தது. இலங்கையில் அப்போது வின்டோஸின் களவுப் பிரதியை நூறு இருநூறு ரூபாவுக்கு வாங்கலாம் என்பதால், காசுக்காக லினக்ஸுக்குப் போனோம் என்று நான் சொல்லமாட்டேன். நானாவுக்கு அது கொள்கை. களவுப் பிரதி எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். வாப்பாவும் அதை ஆமோதித்தார். உம்மாவுக்கும் எங்கள் இருவருக்கும் அபிப்பிராயம் ஏதும் இருக்கவில்லை.

அந்நாட்களில் திருகோணமலையில் இருட்டுவதற்கு முன் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும். மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் கதைகள் ஊர் முழுக்க இருந்தன. பின்னேர டியூசன் என்பது பெண்பிள்ளைகளுக்குக் கனவு. ஆகவே வீட்டுக்குள் இருந்தபடியே பாடம் படிக்கலாம் என்று நானா சொன்னபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பு. நல்ல நாளில் விநாடிக்கு 5 கிலோபைட் வரும். 30 மெகாபைட் வீடியோ ஒன்றை இறக்க 100 நிமிடங்கள். இடையில் மாமி உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தால் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து. இத்தனைக்குப் பிறகு திரையில் அந்தச் சாம்பல் கட்டம். உம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா: “என்ன புள்ள, படம் பாக்கிறத்துக்கும் ஆருக்கிட்டயும் உத்தரவு கேக்கணுமா?”

உம்மா பகிடியாகக் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்வி சரியான இடத்தில் கை வைத்திருந்தது. ஏன் என்று விளங்க, வீடியோ என்பது என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

640க்கு 480 என்ற அளவுள்ள சிறிய படமொன்றில் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட். ஒரு விநாடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள்: ஒரே விநாடிக்கு 23 மெகாபைட். ஒரு முழுச் சீ.டி.யில் அரை நிமிடப் படம்தான் கொள்ளும். ஆகவே சுருக்காமல் வீடியோ இல்லை. முந்திய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதி வைப்பது, கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கங்களை விட்டுவிடுவது என்று சுருக்குவதற்குப் பல உபாயங்கள் உண்டு. சுருக்கவும் மீண்டும் விரிக்கவும் செய்யும் முறைக்குக் கோடெக் என்று பெயர். சுருக்கிய படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் கோப்பு இன்னொன்று. அதைக் கொள்கலன் என்பார்கள். ஏவீஐ, எம்பீ4, எம்கேவி எல்லாம் கொள்கலன்கள்தான். என் மாணவிகளுக்கு இதை நான் மீன் பெட்டியை வைத்துச் சொல்வேன். ஐஸ் போட்டு லொறியில் ஏற்றும் ரெஜிபோம் பெட்டி எல்லாம் வெளியே ஒரே மாதிரி. உள்ளே சூரையா, பாரையா, இறாலா என்பது திறந்தால்தான் தெரியும். பெட்டியைத் திறக்கத் தெரிந்தவருக்கு உள்ளே இருப்பதை வெட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. “டீச்சர், இது எம்பீ4 தானே, ஏன் ஓடவில்லை?” என்று கேட்கும் பிள்ளைக்கு விடை இதுதான்.

வெட்டத் தெரிவது கைத்திறன் மட்டுமாக இருந்தால் லினக்ஸ்காரர்கள் எப்போதோ கற்றுக்கொண்டிருப்பார்கள். கற்றும் இருந்தார்கள். பிரான்ஸில் மாணவர்களின் வேலைத்திட்டமாக 1996இல் தொடங்கிய வீஎல்சீ இயக்கி அன்றைக்கே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஓட்டியது. தடையாக இருந்தது ஆக்கவுரிமை. எச்.264 போன்ற கோடெக்குகளுக்குள் இருக்கும் உபாயங்களுக்குப் பல நிறுவனங்கள் அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் தனியுரிமை பெற்றிருந்தன. அவற்றையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி, பயன்படுத்துவோரிடம் கட்டணம் அறவிட எம்பெக் எல்.ஏ. என்ற அமைப்பு இருந்தது. விலைக்கு விற்கும் மென்பொருள் அந்தக் கட்டணத்தை விலைக்குள் சேர்த்துவிடும். யாரும் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்ற மென்பொருளில் எந்தப் பிரதிக்கு யார் கட்டுவது? ஆகவே உபுண்டு சீ.டி.யில் அந்தக் கோடெக்குகள் இல்லை. 2007 ஏப்ரலில் வந்த 7.04 பதிப்பு, வேண்டுமானால் இணையத்திலிருந்து இறக்கித் தருகிறேன் என்று கேட்கப் பழகியிருந்தது, சில நாடுகளில் சட்டச் சிக்கல் வரலாம் என்ற எச்சரிக்கையோடு.

இணையத்துக்குள் இருந்த வீடியோவுக்கு அதற்கும் மேல் இன்னொரு பூட்டு. மைக்ரோசொஃப்டுக்கு ஒரு வடிவம், ரியல்நெட்வேர்க்ஸுக்கு ஒரு வடிவம், அப்பிளின் குவிக்டைமுக்கு ஒன்று என்று ஆளுக்கொன்றாக வைத்திருந்தார்கள். 2005இல் யூடியூப் வந்து ஃபிளாஷைத் தேர்ந்தெடுத்ததும் மற்ற மூன்றும் ஒதுங்கின. ஃபிளாஷ் அடோபியின் சொத்து. அதன் நிரலை வேறு யாரும் பார்க்கவோ திருத்தவோ முடியாது. லினக்ஸுக்கு ஏழாம் பதிப்போடு வெகுகாலம் நின்றது. எட்டு வரவேயில்லை. ஒன்பது 2007 ஜனவரியில் வந்தது. க்னாஷ் என்ற சுதந்திர மென்பொருளை எழுதி அதற்கு மாற்றுத் தேட ஒரு கூட்டம் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

நானா அந்தக் கூட்டத்தின் பக்கம். எங்கள் இயந்திரத்தில் க்னாஷைத்தான் போட்டார். சில விளம்பரங்கள் ஆடின, வீடியோ ஆடவில்லை. அவர் படிப்பு முடிந்து டோஹாவுக்கு வேலைக்குப் போன பிறகும் தொலைபேசியில் எங்களுக்குள் இதே வாதம் நடந்தது.

“தங்கச்சி, அந்தச் செருகுநிரலப் போட்டா படம் ஓடும். ஆனா உள்ளுக்கு என்ன செய்யுதெண்டு நமக்குத் தெரியாது.”

“நானா, அவளுக்குத் தவணைப் பரீட்சை வருது.”

“பொறுமையா இருங்க. திறந்த வடிவம் வரும்.”

“எப்ப வரும்?”

அதற்கு அவரிடம் விடை இல்லை. நான் செருகுநிரலைப் போட்டேன். மூடிய கோடெக்குகளையும் போட்டேன். இன்றைக்கும் அதே நிலைமை வந்தால் அதையேதான் செய்வேன். பரீட்சைக்கு இருக்கும் பிள்ளையைக் காக்க வைத்துவிட்டுப் பேணும் கொள்கை எனக்கு ஒத்துவராது. ஆனால் போட்ட பிறகு ஒன்று தெரிந்தது. படம் ஓடியது, விட்டு விட்டு, மின்விசிறி இரைய, எங்கள் பழைய பெட்டியின் வலுவுக்கு ஏற்றபடி ஓடியது. தங்கச்சி ஐந்து நிமிடம் பார்த்தாள். பிறகு கொப்பியில் எழுதிக் காட்டினாள்: “வாய் தெரியவில்லை. இவர் என்ன சொல்கிறார்?”

திரையில் ஒரு வெண்பலகையும் ஒரு கையும்தான் இருந்தன. குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. அவளுக்கு வேண்டியது படம் ஓடுவது அல்ல. ஓடும் படத்துக்குக் கீழே சொல் வர வேண்டும். வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும், பின்னோக்கிப் போக வேண்டும், அரை வேகத்தில் ஓட்ட வேண்டும். செருகுநிரலின் கட்டத்துக்குள் இருக்கும் வீடியோவில் நிறுத்தலாம், தொடரலாம். வேறு எதையும் நாங்கள் செய்ய இடமில்லை.

வாப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். பிரிமா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்கள் உள்ளே வரும்போது கரையில் நின்றே கொடிகளைப் படித்துச் சொல்வார். மஞ்சள் கொடி என்றால் கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி கேட்கிறார்கள். பாதி வெள்ளை பாதி சிவப்பு என்றால் வழிகாட்டி கப்பலில் ஏறிவிட்டார். எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் அர்த்தம் ஒன்றே. நான் ஆக்கவுரிமைக் கதையைச் சொன்னபோது அவர் கேட்டார்: “அப்ப கொடியப் படிக்கிறத்துக்கும் காசு வாங்கியிருந்தா?” கப்பல்கள் மோதியிருக்கும் என்றேன். சிரித்தார். நானாவின் பக்கத்து நியாயம் எனக்கு முழுதாக உறைத்தது அன்றுதான், அதுவும் நானா சொல்லி அல்ல.

2009இல் யுத்தம் முடிந்தது. வீதிகளில் நடமாட்டம் வந்தது. கணினி உலகத்தில் அப்போதுதான் வேறொரு சண்டை உச்சத்தில் இருந்தது. செருகுநிரல் எதுவும் வேண்டாம், உலாவியே வீடியோவை ஓட்டட்டும் என்ற யோசனையை 2007இலேயே ஒபெரா நிறுவனத்தார் முன்வைத்திருந்தார்கள். எச்.டி.எம்.எல்.5 என்ற புதிய தரத்தில் அது இடம்பிடித்தது. எந்தக் கோடெக்கில் என்பதில்தான் சிக்கல். கட்டணம் இல்லாத ஒக் தியோராவை எல்லோரும் ஆதரிக்க வேண்டும் என்று வரைவில் ஒரு வாசகம் இருந்தது. அப்பிளும் நோக்கியாவும் மறுக்க, 2007 டிசெம்பரில் அது நீக்கப்பட்டது. 2009 ஜூன் இறுதியில் ஃபயர்ஃபொக்ஸ் 3.5 தியோராவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டே வெளிவந்தது. ஆனால் அதே நாட்களில் தரத்தின் பதிப்பாசிரியர் இயன் ஹிக்சன், எல்லா உலாவிக்காரரும் ஏற்கும் ஒரு கோடெக் இல்லை என்று எழுதி, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார்.

ஃபயர்ஃபொக்ஸ் 3.5 எங்கள் வீட்டில் இறங்கிய அன்று, செருகுநிரல் இல்லாமல் ஒரு வீடியோ பக்கத்துக்குள்ளேயே ஓடியது. விக்கிப்பீடியாவின் வீடியோ ஒன்று. தேனீயோ பூவோ, இப்போது மறந்துவிட்டது. தங்கச்சி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மின்விசிறி இரையவில்லை.

அவ்வேளை, பதிவிறக்க அனுமதித்த ஓர் இணையத்தளத்தில் ஆங்கிலக் கணிதப் பாடங்கள் ஒக்கிலும் எம்பீ4இலும் கிடைத்தன. அவற்றை இறக்கி, தமிழ் வசனங்களை நான் எழுதத் தொடங்கினேன். எஸ்ஆர்டீ என்ற கோப்பு வெறும் எழுத்துக்கோப்புதான். முதல் வரியில் இலக்கம். அடுத்த வரியில் வசனம் எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்ற நேரம், ஆயிரத்தில் ஒரு விநாடி வரைக்கும். அதன் கீழே வசனம். வீடியோவின் பெயரையே அதற்கும் வைத்து ஒரே இடத்தில் விட்டால் வீஎல்சீ தானாகவே எடுத்துக் காட்டும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பத்து நிமிடப் பாடத்துக்கு எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. ஒருமுறை வேலையைக் குறைக்கலாம் என்று மத்திய வீதியில் ஒரு கொமியூனிகேஷனில் கொடுத்துத் தட்டச்சு செய்வித்தேன். வந்தது பாமினியில். பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் அது எப்படித் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும்தானே: ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை. ஒருங்குறிக்கு மாற்றிய பிறகுதான் திரையில் தமிழ் வந்தது. கோடெக் சண்டை நமக்குப் புதியதல்ல. பாமினி, கலைப்பொதி, ஒருங்குறி என்று எழுத்திலேயே நாம் அதைக் கண்டவர்கள்.

அவள் சாதாரணதரப் பரீட்சை எழுதியது 2011 டிசெம்பரில். அதற்கு முந்திய வருடம் வீட்டில் ஒரு பெரிய யோசனை நடந்தது. வெளியூரில் இயங்கிய ஒரு தனியார் கல்வி நிலையம், தமிழ்மொழியிலேயே கணிதப் பாடங்களை இணையத்தில் விற்றது. முழுப் பாடத்திட்டமும் இருந்தது. ஆசிரியரின் முகமும் தெரிந்தது. நானா டோஹாவிலிருந்து காசு அனுப்பினார், கட்டினோம். வீடியோவைத் திறந்தால் வின்டோஸில் மட்டும் இயங்கும் அவர்களுடைய சொந்த இயக்கி வேண்டும் என்றது. கடிதம் எழுதினேன். வின்டோஸ் போடுங்கள் என்று பதில் வந்தது. என் தங்கச்சிக்குக் காது கேளாது, வசனம் சேர்க்க வேண்டும், பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று மீண்டும் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. மாமாவின் கடையிலிருந்த வின்டோஸ் கணினியில் போய்ப் பார்த்தோம். அங்கே ஓடியது. வசனம் சேர்க்க முடியவில்லை, வேகத்தைக் குறைக்க முடியவில்லை, வேறு யன்னலைத் திறந்தால் வீடியோ நின்றது. தமிழில் பேசும் ஆசிரியரை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் பேசும் யாரோ ஒருவரிடம் நாங்கள் திரும்பிப் போக வேண்டியிருந்தது. காரணம் மொழி அல்ல. அந்த ஆங்கிலக் கோப்பு எங்கள் கையில் இருந்தது, இது இல்லை.

அந்த ஒன்றரை வருடத்தில் முப்பத்தெட்டுப் பாடங்களுக்கு வசனம் எழுதினேன். இருபடிச் சமன்பாட்டைப் பதினொரு தடவை பார்த்ததாக அவள் கணக்கு வைத்திருந்தாள். வட்டத்தின் தொடலிகளை அரை வேகத்தில் பார்த்து, கை எங்கே கோடு போடுகிறது, அப்போது என்ன சொல் வருகிறது என்று பொருத்திக்கொண்டாள். என் மொழிபெயர்ப்பில் பிடிக்காத வசனங்களை அவளே திருத்தினாள். பரீட்சையில் கணிதத்துக்குச் ‘சீ’ சித்தி. உயர்தரத்துக்குப் போவதற்கு அது போதுமாக இருந்தது. வாப்பா அந்தப் பெறுபேற்றுத் தாளை மடித்துத் தன் சேர்ட் பையிலேயே ஒரு வாரம் வைத்திருந்தார்.

இதற்கிடையே வெளியில் சண்டையின் போக்கு மாறியிருந்தது. கூகுள், ஒன்2 என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் வீ.பீ.8 கோடெக்கை 2010 மே மாதம் வெப்எம் என்ற பெயரில் கட்டணமின்றித் திறந்துவிட்டது. அதே ஓகஸ்டில் எம்பெக் எல்.ஏ., பார்வையாளரிடம் காசு வாங்காத இணைய வீடியோவுக்கு எச்.264 கட்டணம் எந்நாளும் அறவிடப்படாது என்று அறிவித்தது. ஒருவர் இறங்கி வந்ததால் மற்றவரும் இறங்க வேண்டியிருந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். 2013இல் சிஸ்கோ, எச்.264க்கான கட்டணத்தைத் தானே கட்டித் தன் கோடெக்கை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க முன்வந்தது. 2015 ஜனவரியில் யூடியூப் ஃபிளாஷை விட்டு எச்.டி.எம்.எல்.5ஐத் தன் வழக்கமான முறையாக்கியது. 2018இல் பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஏவீ1 வந்தது, அதுவும் கட்டணமில்லாதது. நானா சொன்ன திறந்த வடிவம் வந்துவிட்டது. தங்கச்சியின் பரீட்சைக்கு நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இந்தச் சிக்கலுக்கு ஒரு கைவைத்தியம் நடந்தது. ஃபெடோரா லினக்ஸை எடுத்து, அது அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சிச் சேர்க்காத கோடெக்குகளையும் உள்ளே வைத்து, கண்டியின் ஹந்தானை மலையின் பெயரில் ஹந்தானா லினக்ஸ் என்று இங்குள்ளவர்கள் வெளியிட்டார்கள். 2010களில் அதன் பல பதிப்புகள் வந்தன. இணைய இணைப்பு இல்லாத பாடசாலையில் டீ.வீ.டீ.யைப் போட்டால் வீடியோ உடனே ஓடும். கோடெக்கைத் தேடி இணையத்துக்குப் போக வேண்டும் என்பதே இணைப்பில்லாதவனுக்குப் பெரிய கேலி. அதை இங்குள்ளவர்கள்தான் சட்டென்று விளங்கிக்கொள்வார்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் ஆசிரியையாகி ஐந்து வருடம். எங்கள் கணினி அறையில் பன்னிரண்டு பழைய இயந்திரங்கள், எல்லாவற்றிலும் லினக்ஸ். வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். ரீலோட் போடக் காசில்லாத வீடுகளுக்குப் பென் டிரைவில் கொடுத்தோம். கையில் கோப்பு இருந்தால்தானே அதெல்லாம் நடக்கும். 20 நிமிடப் பாடத்தை விநாடிக்கு 500 கிலோபிட் என்று சுருக்கினால் 75 மெகாபைட். கரும்பலகையும் கையும் மட்டும் உள்ள படத்துக்கு அது தாராளம். அந்த வருடம் டிசெம்பர் 31ஆம் திகதியோடு ஃபிளாஷுக்கு முடிவு கட்டினார்கள். அழுத்தினால் அசையும் படங்களோடு இருந்த அருமையான விஞ்ஞானப் பாட சீ.டி.க்கள் சில எங்களிடம் இருந்தன. ஜனவரியில் அவை ஊமையாகின. ரஃபிள் என்ற திறந்த மென்பொருளால் சிலவற்றை மீட்டோம். சில இன்னும் திறக்கவில்லை. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில், மின்சாரம் வரும் கொஞ்ச நேரத்துக்குள் எது சுருங்கும், எது ஓடும் என்று கணக்குப் பார்த்தே பாடம் தயாரித்தேன்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2022 செப்டெம்பரில் ஃபெடோரா, சட்ட ஆலோசனையின்பேரில், எச்.264க்கும் எச்.265க்கும் வன்பொருளின் துணையைப் பெறும் வசதியைத் தன் பொதியிலிருந்து எடுத்துவிட்டது. புதிய தொலைபேசிகள் சில எச்.265இல்தான் படம் பிடிக்கின்றன. கலைவிழாவைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளின் கோப்பு எங்கள் அறையில் ஒலி மட்டும் கேட்டு, படம் கறுப்பாக நிற்கிறது.

அதைவிடப் பெரியது இன்னொன்று. காசு கட்டிப் பார்க்கும் தளங்களின் வீடியோ இப்போது திறந்த தரத்துக்குள்ளேயே ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது. வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சீ, உலாவிக்குள் அந்தப் பூட்டுக்கு இடம் கொடுக்கும் ஏற்பாட்டை 2017 செப்டெம்பரில் 58.4 சதவீத வாக்கோடு தரமாக்கியது. நியாயமான தேவைக்காகப் பூட்டைத் தாண்டுவோர் மீது வழக்குப் போடமாட்டோம் என்று உறுப்பினர்கள் உறுதியளிக்க வேண்டும் என ஈ.எஃப்.எஃப். அமைப்பு கேட்டிருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி படத்தை மாற்றுவதும் அந்தத் தேவைகளில் ஒன்று. அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஈ.எஃப்.எஃப். விலகியது. செய்தியைப் படித்த அன்று நான் தங்கச்சிக்கு அனுப்பினேன். அவள் ஒரே வரியில் பதில் அனுப்பினாள்: “மாமாவின் கடைக் கணினி உலகம் முழுக்க வந்துவிட்டது.”

அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்கிறாள். இரவில் எங்கள் பாடசாலை வீடியோக்களுக்கு வசனம் எழுதுகிறாள். பேச்சை எழுத்தாக்க அவளால் முடியாதே என்று கேட்பீர்கள். ஆசிரியை பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. அதன் பிறகு எங்கள் ஆசிரியைகள் வீடியோவில் வழவழவென்று பேசுவது குறைந்துவிட்டது. கையின் அசைவைப் பார்த்து நேரத்தை அவள் குறிக்கிறாள். என்னைவிடத் துல்லியமாகக் குறிக்கிறாள். காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளும் அந்த வசனங்களை வைத்துக்கொண்டே படிக்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் சத்தம் போடும்போது அது வசதி என்கிறார்கள். பென் டிரைவ்கள் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தும் போகின்றன. வெப்எம்மில் ஒன்று, பழைய தொலைபேசிகளுக்காக எச்.264இல் ஒன்று, பக்கத்தில் எஸ்ஆர்டீ. நானா விடுமுறையில் வந்தபோது எச்.264ஐப் பார்த்து முகம் சுளித்தார். இரண்டையும் வைத்திருக்கிறோம்தானே என்று தங்கச்சி கையால் சொன்னாள்.

இந்தத் தவணைக்கு ஒன்பது பாடங்கள் முடிந்திருக்கின்றன. பத்தாவது தொடலிகள். அதை அவள் யாருக்கும் கொடுக்கமாட்டாளாம், பேச வேண்டியதையும் தானே எழுதித் தருவாளாம். போன கிழமை முதல் பக்கம் வந்தது. வட்டத்தில் கோடு தொடும் இடத்தில் ஆசிரியை நாலு விநாடி பேசாமல் நிற்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.